பழைய ஏசிக் (ASIC, மைனிங்குக்குன்னே செஞ்ச சிப்) மெஷின் வாங்கி வீட்டுல பிட்காயின் மைனிங் பண்ணலாமா, இல்ல சாதாரண ஆளுக்குக் கதவைச் சாத்திட்டாங்களா?

ஒற்றைத்திரி:

ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போறவன். முதல் பதிவு, தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

போன மாசம் சும்மா ஒரு மைனர் சாஃப்ட்வேரை லேப்டாப்புல போட்டு பிட்காயின் ஓட விட்டேன். நொடிக்கு 20 மெகாஹாஷ் காட்டுச்சு. அதாவது நொடிக்கு 2 கோடி முயற்சி. அடேங்கப்பான்னு ராத்திரி முழுக்க விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில லேப்டாப் தொட முடியாத சூடு, பூல் (பல பேர் சேர்ந்து மைன் பண்ணி வருமானத்தைப் பங்கு போடுற இடம்) கணக்குல முட்டை. இந்த வேகத்துல போனா ஒரு சடோஷி சேரவே கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆகும்னு அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு பிட்காயின் இல்லைங்க, ஒரு சடோஷி, அதாவது பிட்காயின்ல பத்து கோடியில ஒரு பங்கு.

இப்ப ஒருத்தர் ஆன்ட்மைனர் எஸ்9ங்கிற பழைய ஏசிக் மெஷின் ஒண்ணு தர்றேங்கறார். இன்னொருத்தர், வாங்கினா அதுக்குப் பின்னாடி வந்த எஸ்21 வாங்கு, இல்லாட்டி இந்தப் பக்கமே வராதேங்கறார். 2008ல வந்த பிட்காயின் வெள்ளை அறிக்கையில ஒரு சிபியுவுக்கு ஒரு ஓட்டுன்னு எழுதியிருக்கே, அது இப்ப என்ன ஆச்சு? இதுக்குன்னே செஞ்ச மெஷின் இல்லாதவனுக்கு இனி இடமே இல்லையா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க அண்ணே.

நேர்வழி:

இடம் இல்லை. மெஷினுக்குப் போடுற காசுக்கு நேரா காயினை வாங்கி வச்சுட்டுத் தூங்கு. கரண்ட் பில்லும் மிச்சம், காதும் மிச்சம். கிளவுடு மைனிங்னு எவனாவது வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே. மெஷின் எங்க இருக்குன்னு காட்டாம உன் காசை மட்டும் கேக்குறவன் எதுக்குக் கேக்குறான்னு யோசி.

தூசிவிசிறி:

மேல சொன்னவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்றேன். போர்டு ரிப்பேர்தான் என் தொழில். சால்டரிங் அயர்னைக் கையில பிடிச்சு இருபது வருஷம் ஆகுது. அதனால கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல அந்த லேப்டாப்பைத் திட்டாதீங்க தம்பி, அது பாவம். பிட்காயின் மைனிங்ல நடக்குறது இவ்வளவுதான்: 80 பைட் நீளத்துல ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளோட ஒரு கட்டு) தலைப்பு. அதுல 4 பைட் நான்ஸ், அதாவது நாம மாத்திப் பாக்குற எண். அதை மாத்தி மாத்தி, தலைப்பை ஷா-256ங்கிற ஹாஷ் கணக்குல ரெண்டு தடவை போட்டு அரைக்கணும். விடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ வந்தா பிளாக் உங்களுது. நான்ஸ் மொத்தமே சுமார் 429 கோடி. உங்க லேப்டாப் அதை முடிக்க மூணரை நிமிஷத்துக்கு மேல ஆகும். நொடிக்கு 13.5 டெராஹாஷ் (ஒரு டெரா லட்சம் கோடி) போற எஸ்9க்கு ஒரு நொடியில மூவாயிரத்துல ஒரு பங்கு போதும். முடிச்சுட்டு "அடுத்தது குடு"ன்னு நிக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஷா-256ல 64 சுற்று. ஒவ்வொரு சுற்றுலயும் 32 பிட் எண்களைக் கூட்டணும், சுழற்றணும், எக்ஸார், அண்ட் மாதிரி பிட் கணக்குப் போடணும். வேற எதுவும் கிடையாது, மெமரிகூட வேண்டாம். சிபியு ஒரு எண்ணைச் சுழற்றணும்னா கட்டளையைப் படிக்கணும், புரிஞ்சுக்கணும், செய்யணும், விடையைக் கொண்டுபோய் ஒரு இடத்துல வைக்கணும். கரண்ட்ல பெரும்பங்கு இந்த நிர்வாகத்துக்கே போயிடும். ஏசிக் சிப்புல சுழற்றுறதுங்கிறது ஒரு வேலையே இல்ல. ஒயரை நாலு இடம் தள்ளி இணைச்சு வச்சிருப்பான், எண் தானா சுழன்று போய் விழும். நான் இதை முதல்ல புரிஞ்சுக்கிட்ட அன்னைக்குச் சும்மா சிரிச்சுட்டே இருந்தேன். 64 சுற்றையும் வரிசையா சிலிக்கன்ல செதுக்கி வச்சுட்டா ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஒரு விடை வந்து விழுந்துட்டே இருக்கும். எஸ்9 ஒண்ணுல அப்படிப்பட்ட சிப் 189. மூணு ஹாஷ்போர்டு, ஒண்ணுக்கு 63.

ஒரு சிபியுவுக்கு ஒரு ஓட்டுங்கிற கதை 2010லயே முடிஞ்சுபோச்சு. ஜிபியுல (கிராஃபிக்ஸ் கார்டு சிப்) ஓட்டலாம்னு ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அந்தப் போட்டியைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமே, புதுசா வர்றவங்க ஈஸியா சேர முடியுமேன்னு பிட்காயினை உருவாக்கின சடோஷியே 2009 டிசம்பர்ல கேட்டுப் பார்த்தார். யார் கேட்டா? 2011ல எஃப்பிஜிஏ (உள் இணைப்பை நாமளே மாத்திக்கிற சிப்), 2013 ஜனவரியில முதல் ஏசிக் மெஷின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துடுச்சு.

நானும் இதுல அடிபட்டவதான். 2013 கடைசியில ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி லைட்காயின் ஓட்டினேன். அதோட ஸ்கிரிப்ட் (scrypt) ஹாஷ் முறைக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் 128 கிலோபைட் மெமரி வேணும், அதனால ஏசிக் வரவே வராதுன்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க. 2014லயே வந்துடுச்சு. 128 கிலோபைட்டுங்கிறது சிப்புக்குள்ளயே அடங்கிடற அளவு. அதைத் தடைச்சுவர்னு நம்பினேன் பாருங்க.

இப்ப உங்க எஸ்9. விலையை விடுங்க, காயின் விலையையும் விடுங்க. எல்லாத்தையும் ஒரே அளவுகோல்ல வைங்க: ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை சடோஷி. வீட்டுல மைனிங் பண்றவங்க பாக்க வேண்டிய எண் இது ஒண்ணுதான், விக்கிறவன் சொல்லவே மாட்டான்.

மொத்த நெட்வொர்க் வேகம் நொடிக்கு 600 எக்ஸாஹாஷ்னு வச்சுக்கங்க (ஒரு எக்ஸா பத்து லட்சம் டெரா). 2024 நடுவுல சுமாரா அந்த அளவுலதான் இருந்துச்சு. 2024 ஏப்ரல் ஹாவிங்குக்கு (பிளாக் பரிசு பாதியாகுறது) அப்புறம் ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின், ஒரு நாளைக்கு 144 பிளாக், ஆக உலகம் முழுக்க 450 பிட்காயின். பரிவர்த்தனைக் கட்டணம் மேல கொஞ்சம் வரும், அதை விட்டுடலாம். எஸ்9 பங்குக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,010 சடோஷி. அது தின்கிற கரண்ட் 1,350 வாட், நாளைக்கு 32 யூனிட்டுக்கு மேல. ஆக யூனிட்டுக்கு 31 சடோஷி. எஸ்21க்கு 200 டெராஹாஷ், 3,500 வாட். நாளைக்கு 15,000 சடோஷி, 84 யூனிட். யூனிட்டுக்கு 178.

உங்க கரண்ட் பில்லை எடுங்க. ஒரு யூனிட்டுக்குக் கட்டுற காசை அன்னைக்கு விலையில சடோஷியா மாத்துங்க. 31க்கு மேல வந்தா எஸ்9 இலவசமாக் குடுத்தாலும் வேண்டாம்.

அப்ப எஸ்21தானே வாங்கணும்னு கேப்பீங்க. அவசரப்படாதீங்க. மைனிங் மெஷின் வாங்குறது ஐஸ் கட்டி வாங்குற மாதிரி. 2,016 பிளாக்குக்கு ஒரு தடவை, சுமார் ரெண்டு வாரம், பிளாக் கண்டுபிடிக்கிற கடினம் மாறும். உலகத்துல எவனோ பத்தாயிரம் மெஷின் புதுசா இணைச்சா உங்க மெஷின் ஒண்ணும் பண்ணாமலே உங்க பங்கு இளைக்கும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஹாவிங்ல அப்படியே பாதி. கரண்டை மொத்தமா, மலிவா வாங்குறவனுக்கு அந்த ஐஸ் மெதுவாக் கரையும். நமக்கு வெயில்ல வச்ச ஐஸ்.

ஒரே ஒரு தடவை ஐஸ் தலைகீழா வளர்ந்ததைப் பார்த்தேன். 2021ல சீனா மைனிங்கைத் தடை பண்ணினப்ப, அங்க இருந்த பண்ணைகள் எல்லாம் பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. ஜூலை 3ந்தேதி கடினம் ஒரே அடியா 28 சதவீதம் விழுந்துச்சு. மூலையில துணி போர்த்தி வச்சிருந்த என் எஸ்9ஐத் துடைச்சு மறுபடி ஓட்டினேன். சில மாசம் நல்லா ஓடுச்சு. அதை நம்பித் திட்டம் போட முடியுமா? முடியாது.

அந்த எஸ்9 வந்த கதையையும் சொல்லிடறேன், உங்களுக்கு உதவும். 2019ல செகண்ட்ஹேண்டா வாங்கினேன். வித்தவர் 13.5 டெரா ஓடுற ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வந்து மாட்டினா 9. ஒரு போர்டு செத்துக் கிடக்கு. ஸ்கிரீன்ஷாட் என்னைக்கு எடுத்ததுன்னு நானும் கேக்கல. ரிப்பேர்காரிக்கே இந்த கதி. அதனால மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே லாக் பக்கத்தைத் திறந்து, மூணு போர்டுலயும் 63, 63, 63ன்னு சிப் தெரியுதான்னு கண்ணால பாருங்க. அரை மணி நேரமாவது ஓடட்டும். சூடான அப்புறம்தான் கெட்ட சிப் முகத்தைக் காட்டும்.

அடுத்த தப்பு என்னோடது. 1,350 வாட்டை ஒரு சாதா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டினேன். 230 வோல்ட்ல 6 ஆம்பியர் கிட்ட வரும், பெட்டியிலயும் 6 ஆம்பியர்னுதான் போட்டிருந்துச்சு, சரியா இருக்குன்னு நினைச்சேன். இஸ்திரிப்பெட்டி பத்து நிமிஷம் இழுக்கிற கரண்ட் வேற, இது ராப்பகலா இழுக்கிற கரண்ட் வேற. பதினோராம் நாள் பிளாஸ்டிக் வாசனை. சாக்கெட் உருகி பின்னோட ஒட்டியிருந்துச்சு. தனி ஒயர், 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லாம எஸ்9ஐத் தொடாதீங்க.

சத்தத்தைப் பத்தி நேர்வழி சொன்னது நிஜம். கதவை மூடினாலும் அடுத்த ரூம்ல போன் பேச முடியாது. வாக்குவம் கிளீனர் நிக்காம ஓடிட்டே இருக்குன்னு நினைச்சுக்கங்க.

அப்புறம், அண்ணே இல்லை. அக்கா.

ஒற்றைத்திரி:

அக்கா, மன்னிச்சுக்கங்க! ரெண்டு தடவை வாசிச்சேன். எஸ்9 ஆள்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

கணக்கும் போட்டேன். என் கரண்ட் யூனிட்டுக்கு 140 சடோஷி வருது. எஸ்21ல யூனிட்டுக்கு 38 மிச்சம். நாளைக்கு 3,200 சடோஷி. மெஷினுக்குக் கேக்குற விலை 60 லட்சம் சடோஷி கிட்ட. வகுத்தா 1,875 நாள். அஞ்சு வருஷத்துக்கு மேல! அதுவும் எதுவுமே மாறாம இருந்தா. நான் சரியாத்தான் போட்டிருக்கேனா?

ஹீட்டரா வச்சுக்கலாம்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே, அது எப்படி?

கருங்கல்:

நண்பரே, நீங்கள் பிட்காயினை மட்டுமே பார்க்கிறீர்கள். மொனேரோ என்ற இன்னொரு காயின் இந்தச் சிக்கலை நேருக்கு நேராக எதிர்கொண்டது. 2018-இல் ஏசிக்குகளை விரட்டுவதற்காகவே முறையை மாற்றினார்கள். 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற புதிய ஹாஷ் முறை வந்தது. அதில் ஒவ்வொரு ஹாஷுக்கும் புதிதாகச் சில சிறு நிரல்கள் உருவாகி, அவற்றை இயக்கிப் பார்த்துத்தான் விடை பெற வேண்டும். 2 ஜிகாபைட்டுக்கும் சற்றுக் கூடுதலான மெமரி தேவை, ஒவ்வொரு திரெட்டுக்கும் 2 மெகாபைட் எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே உள்ள வேகமான மெமரி) தேவை. சுருங்கச் சொன்னால், அதை வேகமாகச் செய்யும் சிப்பை வடிவமைக்கப் போனால் கடைசியில் ஒரு சிபியுவைத்தான் வடிவமைத்திருப்பீர்கள். உங்களிடம் உள்ள கணினியே போதும். 2021 முதல், நடுவே நிர்வாகி இல்லாத பி2பூல் இருப்பதால் பெரிய பூல்களை நம்பவும் வேண்டியதில்லை. ஒரு சிபியுவுக்கு ஒரு ஓட்டு என்பது இங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நேர்வழி:

உயிரோட இருக்கு, அடுத்தவன் கம்ப்யூட்டர்ல! சிபியுல ஓடும்னா திருட்டுத்தனமா உன் சிபியுலயும் ஓடும். 2017லிருந்து 2019 வரைக்கும் காயின்ஹைவ்னு ஒண்ணு இருந்துச்சே, வெப்சைட்டைத் திறந்தாலே பார்க்க வந்தவன் பிரவுசர்ல மொனேரோ மைன் பண்ணிச்சு. கரண்ட் பில் கட்டாதவனோட போட்டி போட்டு நீ எப்படி ஜெயிப்ப?

தூசிவிசிறி:

கருங்கல் சார் சொன்னதும் சரி, நேர்வழி சொன்னதும் சரி. சண்டை வேண்டாம், எண்ணை மட்டும் பாருங்க.

ஷா-256ல ஒரு வாட்டுக்குக் கிடைக்கிற வேலையில லேப்டாப்புக்கும் எஸ்21க்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட லட்சம் மடங்கு. ரேண்டம்எக்ஸுக்கும் 2023ல எக்ஸ்5னு தனி மெஷின் வந்துச்சு. 1,350 வாட்டுக்கு 212 கிலோஹாஷ். நல்லா செட் பண்ணின ஆறு கோர் டெஸ்க்டாப் சிபியு 90 வாட்டுக்கு 7 கிலோஹாஷ் தரும். வகுத்துப் பார்த்தா ரெண்டு மடங்குதான் வித்தியாசம். லட்சம் மடங்கு எங்க, ரெண்டு மடங்கு எங்க. அந்த விதத்துல ரேண்டம்எக்ஸ் செஞ்சவங்க கையை முத்தம் குடுக்கலாம்.

ஆனா வாசல் திறந்திருந்தா எல்லாரும்தான் வருவாங்க. உள்ள கூட்டம் ஜாஸ்தி, பங்கு சின்னது. காசு பாக்கலாம்னு போகாதீங்க. ஏற்கெனவே இருக்கிற கம்ப்யூட்டர்ல ஒரு ராத்திரி ஓட்டிப் பாக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, அவ்வளவுதான். லேப்டாப்புல ராத்திரி முழுக்க வேண்டாம். அதோட சின்ன ஃபேன் இதுக்குப் பொறந்தது இல்ல.

ஜிபியு ஆளுங்களைப் பத்தி யாரும் பேசலயே? 2022 செப்டம்பர் 15ந்தேதி எத்தீரியம் மைனிங்கையே நிறுத்திட்டுப் போயிடுச்சு. ரூம் நிறைய கார்டு அடுக்கி வச்சிருந்தவங்களுக்கு மறுநாள் காலையில ஓட்டுறதுக்கு உருப்படியா ஒரு காயின் இல்ல. அதுல ஒரு ஆறுதல், கார்டை கேம் விளையாடுறவங்களுக்கு வித்துடலாம். ஏசிக்கை அப்படி யாருக்கு விக்கிறது? ஷா-256 தவிர அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

தம்பி, உங்க கணக்கு சரி. ஆனா மாறாம இருந்தாங்கிறதுலதான் மாட்டிக்கிட்டீங்க. நெட்வொர்க் 600லிருந்து 765 எக்ஸாஹாஷ் ஆனாலே யூனிட்டுக்கு 178ங்கிறது 140க்கு இறங்கிடும். மிச்சம் பூஜ்யம். 2025லயே அந்த எண்ணைத் தாண்டிப் போயாச்சு.

ஹீட்டர் விஷயம் ஏமாத்து இல்ல, பௌதிகம். மெஷின் இழுக்கிற கரண்ட் முழுக்கச் சூடாத்தான் வெளிய வரும். 1,350 வாட் ஹீட்டர் குடுக்கிற அதே சூடு, மேல சடோஷி இலவசம். எப்படியும் கரண்ட் ஹீட்டர் போடுற வீடுன்னா எஸ்9கூட நியாயம்தான். கிளாக்கைக் குறைச்சு ஓட்டுற ஃபர்ம்வேர் போட்டா சத்தமும் அடங்கும், யூனிட்டுக்குச் சடோஷியும் கூடும். ஆனா ஹீட் பம்ப் இருக்கிற வீட்டுல தோத்துடும். அது ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் சூடு தரும். வெயில் காயுற இடத்துலயோ தலைகீழ். மெஷின் கக்குற சூட்டை வெளியேத்த ஏசி போட்டு, அதுக்கும் பில் கட்டணும்.

இன்னொண்ணு, பூல்ல சேர்ந்தாலும் எஸ்9 மாதிரி சின்ன ஆளு காசை எடுக்குறது லேசு இல்ல. குறைஞ்சபட்சம் ஒரு லட்சம் சடோஷி சேரணும்னு பூல் வச்சிருந்தா நூறு நாள் காத்திருக்கணும். லைட்னிங்ல (பிட்காயினைச் சின்னத் தொகையா அனுப்புற வழி) சின்னச் சின்னதா அனுப்புற பூலாப் பாத்துச் சேரணும். சேருறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கங்க, அப்புறம் புலம்பிப் பிரயோஜனம் இல்ல.

ஒற்றைத்திரி:

அப்ப எனக்கு எதுவுமே இல்லையா அக்கா? சம்பாதிக்கணும்னு இல்ல. நிஜமாவே ஒரு மெஷின் ஹாஷ் போடுறதை வீட்டுல வச்சுப் பாக்கணும், அவ்வளவுதான் ஆசை.

தூசிவிசிறி:

இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தட்டியிருக்க மாட்டேனே!

பிட்ஆக்ஸ்னு ஒண்ணு இருக்கு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, அதுல ஒரே ஒரு ஏசிக் சிப், ஒரு குட்டி ஃபேன். வடிவமைப்பு முழுக்க ஓப்பன் சோர்ஸ், சர்க்யூட் படமும் கிடைக்கும், யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம். காமாங்கிற மாடல்ல இருக்கிறது பிஎம்1370 சிப், எஸ்21 ப்ரோவுல இருக்கிற அதே சிப். 1.2 டெராஹாஷ், 17, 18 வாட். யூனிட்டுக்குச் சடோஷி போட்டுப் பாருங்க: 200க்கு மேல வரும். உங்களுக்கு விக்கப் பாத்த எஸ்21ஐவிட ஜாஸ்தி! பெரிய பண்ணைக்காரன் கையில இருக்கிற அதே சிலிக்கன் நம்ம மேசை மேலயும் இருக்கு. அவங்ககிட்ட இருக்கிறதும் நம்மகிட்ட இல்லாததும் மலிவு கரண்டும் ஆயிரக்கணக்குல எண்ணிக்கையும்தான்.

வருமானம்? நாளைக்கு 90 சடோஷி. பெரும்பாலும் இதைப் பூல்ல சேராம சோலோவாத்தான் ஓட்டுவாங்க, கிடைச்சா முழு பிளாக், கிடைக்காட்டி ஒண்ணுமில்ல. 600 எக்ஸாஹாஷ்ல சராசரியா ஒரு பிளாக் கிடைக்க 9,500 வருஷம். சின்ன சோலோ ஆளுங்களுக்கு எப்பவாவது அடிச்சதும் உண்டு. ஆனா அதை நினைச்சு வாங்காதீங்க.

நான் ஒண்ணு வச்சிருக்கேன். வேலை செய்யுற மேசையில, மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்துல. தான் கண்டுபிடிச்ச விடையில இதுவரைக்கும் சிறந்தது எதுன்னு அந்தச் சின்னத் திரையில காட்டும். அந்த எண் ஏறினா என்னமோ பிள்ளை பரீட்சையில மார்க் வாங்கின மாதிரி இருக்கு. பைத்தியம்தான்.

கருங்கல்:

அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்தப் போர்டை வாங்கினால் ஒரு நாள் ஃபேனைக் கழற்றி ஹீட்சிங்க்கின் கீழே சிப்பைப் பாருங்கள். கண்ணால் பார்த்த பிறகு மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

தூசிவிசிறி:

அணைச்சுட்டுக் கழட்டுங்க. மறுபடி மாட்டும்போது புது தெர்மல் பேஸ்ட் வைக்கணும்.

முக்கியமா, காமா 5 வோல்ட். 5 வோல்ட், 6 ஆம்பியர் அடாப்டர் தனியா வாங்கிக்கங்க. பழைய ரூட்டரோட 12 வோல்ட் அடாப்டர் முனையும் அதே அளவுதான், வழுக்கிட்டு உள்ள போயிடும். போன மாசம்கூட ஒண்ணு அப்படிக் கருகி என் மேசைக்கு வந்துச்சு.

ஒற்றைத்திரி:

ஆர்டர் போட்டாச்சு அக்கா. டிராயர்ல அஞ்சு அடாப்டர் கிடக்கு, அதுல மூணு 12 வோல்ட். முதல் வேலையா எல்லாத்துலயும் மார்க்கர்ல எழுதி ஒட்டிட்டேன்.